78 என்பது ஓர் உத்தேசம்: அரக்குத் தட்டுகளைச் சரியாகக் கேட்பது எப்படி

கிராமபோன் தட்டு ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பிற்கால வினைல் தட்டான எல்பி ஓடும் பெட்டியில் அதைப் போட்டு, வேகத்தை 78க்கு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுக்குத் திருப்பி, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்து ரெக்கார்டு இப்படித்தான் இருக்கும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். இரைச்சல், மூக்கால் பாடுவது போன்ற குரல், துரத்திக்கொண்டு ஓடுகிற தாளம் ஆகிய மூன்றில் பாதிக்கு மேல் தட்டின் குற்றமே கிடையாது. ஊசி தப்பு, வேகம் தப்பு, ஆம்ப்ளிஃபயர் தப்பு. மூன்றையும் திருத்திய பிறகு அதே தட்டைப் போட்டால் வேறு ஆள் பாடுவது போலிருக்கும்.

இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பதிவுகளோடு இந்தத் தொழில் சூடுபிடித்தது. 1960களின் பிற்பகுதி வரை இங்கே 78 தட்டுகள் அச்சாகின. அரக்குப் பிசினோடு ஸ்லேட் கல் பொடி, சுண்ணாம்புக்கல் பொடி, கரிப்புகை எல்லாம் சேர்த்துச் சூட்டில் அழுத்தி எடுத்த தட்டு இது. பெயர் அரக்குத் தட்டு என்றாலும் எடையில் பெரும்பங்கு கல் பொடிதான். அந்தப் பொடியை வேண்டுமென்றே சேர்த்தார்கள். இரும்பு ஊசி முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து, ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. தேய்க்கிற தட்டு, தேய்கிற ஊசி என்ற இந்த உறவு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

வாங்கும்போது

சென்னையில் பழம்பொருள்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகள், ஊருக்கு ஊர் இருக்கும் பழைய பேப்பர் கடைகள், இடிக்கப் போகும் வீடுகளின் பரண்கள் இவைதான் வழி. பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய் தடவித் துடைத்தால் எந்தத் தட்டும் மின்னும். வெயில் வரும் பக்கம் திரும்பி நின்று, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கறுப்பாகத் தெரிந்தால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி இருந்தால், குறிப்பாகப் பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் சாம்பல் பட்டை தெரிந்தால், பழைய ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டு அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது.

மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நடுத் துளையில் ஒரு விரலை நுழைத்துத் தட்டைத் தொங்கவிட்டு, ஓரத்தில் கணுவால் லேசாகத் தட்டிப் பாருங்கள், பானை வாங்குவது போல. நல்ல தட்டு கணீரென்று பேசும். விரிசல் விட்டது சளசளக்கும். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் நிறையக் கீறல் இருந்தால் பலமுறை ஓடிய தட்டு.

லேபிள் கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்தான் பதிவின் உண்மையான அடையாளம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழுவுதல்

முதல் விதி: ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம், எல்பி கழுவ விற்கும் ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் மேசைக்குப் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். ஒருமுறை துடைத்தாலே பள்ளம் மங்கிவிடும், திரும்ப வராது.

தேவையானவை மூன்று பொருள்: பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டர், பாத்திரம் தேய்க்கும் திரவம் மூன்று அல்லது நான்கு துளி, மென்மையான முடி கொண்ட அகலப் பிரஷ். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும். காய்ந்ததும் பள்ளத்தில் படிந்து புது இரைச்சலைக் கொடுக்கும். திரவத்தைத் தாராளமாக ஊற்றினாலும் அதே கதி, வழவழவென்று ஒட்டிக்கொள்ளும்.

முதலில் உலர்ந்த பிரஷால் மண்ணைத் தட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் நனைத்தால் மண் சேறாகிப் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். லேபிளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அழுத்தி மறைத்துக்கொண்டு, நனைத்த பிரஷைப் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தால் இரண்டு நிமிடம் ஈரத்தை நிற்க விட்டு மறுபடி ஓட்டுங்கள். சோப்பு சேராத காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசி, பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரமாவது காயவிடுங்கள். சமையலறையில் தட்டு காயவைக்கும் ஸ்டாண்ட் இதற்குச் சரியாக இருக்கும்.

விரிசல் விட்ட தட்டை நனைக்க வேண்டாம். சில தட்டுகளின் நடுவே காகித அடுக்கு இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் உப்பிவிடும். வானொலி நிலையங்களில் நேரடியாக வெட்டிய, நடுவே அலுமினியம் வைத்த தட்டு கையில் வந்தால் அது அரக்கே அல்ல. அதைக் கழுவுவதை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

ஊசி

எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78க்கு வேண்டியது ஏறக்குறைய 75 மைக்ரான், அதாவது 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்பி ஊசியை 78 பள்ளத்தில் இறக்கினால் அது இரு சுவர்களையும் தொடாமல் அடியில் போய் உட்காரும். அடியில் இருப்பது நூறு வருடத் தூசி. கேட்பது அந்தத் தூசியைத்தான். சூட்கேஸ் வடிவத்தில் இப்போது விற்கிற மலிவான பெட்டிகள் மூன்று வேகம் கொடுக்கின்றன, ஊசி ஒன்றுதான் கொடுக்கின்றன. வேகம் இருக்கிறது என்பதற்காக 78 ஓடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, 78 வேகமும் வேகத்தை ஏற்றி இறக்கும் ஸ்லைடரும் உள்ள டர்ன்டேபிள் ஒன்றும், அதற்கு 78 ஊசியும் போதும். ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் போன்ற பெட்டியில் அதே நிறுவனத்தின் விஎம்95எஸ்பி ஊசி பொருந்தும். ஊசி பாரம் சுமார் 5 கிராம். எல்பிக்குப் பழகியவர்களுக்கு அது பயங்கரமாகத் தோன்றும், ஆனால் கீ கொடுக்கிற பழைய கிராமபோன் பெட்டியின் சவுண்ட் பாக்ஸ் (ஊசியைப் பிடித்து ஒலி எழுப்பும் தலைப்பகுதி) 100 கிராமுக்கு மேல் அழுத்தியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைக் குறைத்து வைத்தால்தான் ஆபத்து: கோணலான தட்டில் ஊசி துள்ளி விழும்.

ஆர்வம் முற்றினால் 2.5, 2.8, 3.3, 3.5 மில் என்று பல அளவு ஊசிகள் சேரத் தொடங்கும். இது வெறும் பித்து அல்ல. இரும்பு ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அறுத்திருக்கும். சற்றுப் பெரிய ஊசி அந்தக் காயத்துக்கு மேலே ஓடும், சற்றுச் சிறியது கீழே ஓடும். மூன்று அளவிலும் போட்டுப் பார்த்து, எதில் குரல் தெளிவோ அதை வைத்துக்கொள்ளலாம்.

கீ கொடுக்கிற பெட்டியிலேயே கேட்க விரும்பினால், ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரு பக்கம் ஓடிய ஊசியை பூதக்கண்ணாடியில் பாருங்கள்: இருபுறமும் தட்டையாகத் தேய்ந்து, விளிம்பு உளி போல நிற்கும். அதே ஊசியை மறுபடி போட்டால் அந்த உளி பள்ளத்தைச் செதுக்கும். நம் ஊர்த் தட்டுகளில் பாதி இப்படித்தான் செத்தன. 1950களின் தட்டுகளை அந்தப் பெட்டியில் போடாமல் இருப்பது உத்தமம். பித்தளைக் குழாய் வைத்து, நாய்ப் படத் தகடு அடித்து, பழையது போலப் புதிதாகக் கோத்து விற்கும் பெட்டிகளில் எந்தத் தட்டையும் போட வேண்டாம். கை திரும்பும் கோணம் தப்பு, சவுண்ட் பாக்ஸ் கனம். வரவேற்பறையில் வைத்துப் பார்க்கலாம்.

வேகம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 78 என்ற எண் 1920களின் பிற்பகுதியில் மின்சாரப் பதிவு வந்த பிறகுதான் ஒருவாறு நிலைத்தது. அதற்கு முந்தைய தட்டுகள் 70 முதல் 82 வரை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் பதிவாகியிருக்கலாம். ஒரே தட்டின் இரண்டு பக்கமே மாறுவதுண்டு. கர்நாடக இசைக்காரருக்கு இது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் வேகம் 6 விழுக்காடு மாறினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் ஒரு சாவி தூரம், மாறிவிடும்.

முதலில் உங்கள் பெட்டி உண்மையிலேயே 78இல் ஓடுகிறதா என்று பாருங்கள். வேகத்தைச் சோதிக்கும் கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் வட்டு ஒன்றை அச்சிட்டுக்கொள்ளலாம்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுகள். அவை அசையாமல் நின்றால் வேகம் 77.92. அமெரிக்க வட்டில் 92 கோடுகள் இருக்கும். அது 60 ஹெர்ட்ஸுக்கு உரியது, இங்கே உதவாது. எல்இடி விளக்கில் பெரும்பாலும் கோடுகள் தெரியவே தெரியாது. பழைய சோக்கு போட்ட டியூப்லைட் வேண்டும். அதுவும் இல்லையென்றால் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியை இறக்கிய நிலையிலேயே 30 வினாடிக்கு 39 சுற்று வருகிறதா என்று எண்ணலாம். ஊசி பாரம் இல்லாமல் எண்ணினால் கணக்கு பிசகும், முக்கியமாகக் கீ கொடுக்கிற பெட்டியில்.

பிறகு சுருதி. தட்டை 78இல் ஓடவிட்டு, கைபேசியில் சுருதிப் பெட்டி ஆப்பைத் திறந்து பாடகரின் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தைப் பிடியுங்கள். பழைய பதிவில் தம்புரா கேட்காது, மிருதங்கம் கேட்டாலே அதிர்ஷ்டம். பாட்டு முடிவில் வந்து நிற்கும் நீண்ட ஷட்ஜம்தான் பிடிமானம். அது இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் கட்டை வித்தியாசம் 2.9 விழுக்காடு. பாடியது இரண்டு கட்டை என்றால் வேகம் 75.8, இரண்டரை என்றால் 80.3. முழு அரைக்கட்டை தள்ளியிருந்தால் 73.6 அல்லது 82.6. இப்போது இரண்டு விடை கையில் இருக்கிறது. எது சரி என்று காதுதான் சொல்ல வேண்டும்.

காதுக்கு நல்ல துணை பேச்சு. பழைய தட்டுகளில் பாடகர் பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்வார். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் சொன்னது பிரபலம். அச்சடிக்க மூலத் தகடுகள் ஜெர்மனிக்குப் போனதால், அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிவதற்காக வந்த வழக்கம் இது. நமக்கு இன்று வேறொரு வகையில் உதவுகிறது. பாடும் குரலை எந்தச் சுருதிக்கும் ஏற்றலாம், பேசும் குரலை ஏமாற்றுவது கடினம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு வேகத்திலும் ஓடவிடுங்கள். ஒன்றில் மனுஷர் பேசுவார், இன்னொன்றில் பொம்மை பேசும். நாடகத் தட்டுகளில் வசனம் இருந்தால் அதுவே போதும்.

பேச்சு இல்லாத தட்டில் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைக் கவனியுங்கள். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் நடுங்குவது போலக் கேட்டால் வேகம் அதிகம். சோம்பி வழிந்தால் குறைவு. ஹார்மோனியம் பக்கவாத்தியமாக இருந்தால் அது அரைக்கட்டைகளுக்கு நடுவே தொங்க முடியாது என்பது ஒரு சாட்சி. ஆனால் அந்தக் கால ஹார்மோனியங்கள் இன்றைய 440க்கு அச்சாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சற்று முன்பின் இருக்கும். கடைசியாக, அதே பாடகரின் அதே காலத்துத் தட்டுகள் நான்கைந்தை ஒப்பிட்டால் ஒரே கட்டையில் வந்து சேரும். வராத தட்டுதான் வேகம் தவறியது.

இங்கே இரண்டு தவறுகளைப் பலரும் செய்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய நாடகக் குரல்கள் உண்மையிலேயே உச்ச சுருதி. எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கேட்டுவிட்டு "வேகம் கூடிவிட்டது" என்று இறக்கிவிட்டால், பாட்டின் வேகமும் குரலின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று நாகசுரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை வழியாக நீளமான பாரி நாகசுரம் பரவும் முன் எங்கும் ஒலித்தது குட்டையான, சுருதி ஏறிய திமிரி. பழைய நாகசுரத் தட்டு கீச்சென்று நாலு கட்டைக்கு மேல் கேட்டால், இன்றைய பாரியின் இரண்டு கட்டைக்கு இழுத்துக் கொண்டுவர முயலாதீர்கள். அது திமிரி.

சில தட்டுகளில் தொடக்கத்தில் ஒரு சுருதி, முடிவில் ஒரு சுருதி என்று நகரும். பதிவு செய்த யந்திரமே தடுமாறியிருக்கும். ஓடும்போது ஸ்லைடரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கணினியில் பிறகு சரிசெய்யலாம்.

ஆம்ப்ளிஃபயரும் கணினியும்

இன்றைய போனோ பிரீஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) பெரும்பாலும் 1954இல் பொதுவான ஆர்ஐஏஏ வளைவு என்ற ஒலி அளவுக் கணக்குக்கு ஏற்ப மேல்ஸ்தாயி ஒலிகளைக் குறைக்கும். 78 தட்டுகளில் பெரும்பாலானவை மேல்ஸ்தாயியை ஏற்றிப் பதிவு செய்யப்படவே இல்லை. எனவே குறைக்க வேண்டாததைக் குறைத்து, தலையணைக்குள் பாடுவது போல ஆக்கிவிடும். சரிக்கட்ட, கணினியில் சமன்படுத்தியை (ஈக்வலைசர்) திறந்து 2000 ஹெர்ட்ஸில் 2.6 டெசிபெல், 3000இல் 4.7, 5000இல் 8.2 ஏற்றுங்கள். 7000க்கு மேல் பெரும்பாலும் இசை கிடையாது, வெறும் இரைச்சல், அங்கே வெட்டிவிடலாம். மின்சாரத்துக்கு முந்தைய பதிவில் 5000க்கு மேலேயே ஒன்றும் தேறாது.

பதிவு செய்யும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவிலேயே எடுங்கள். தட்டு மோனோதானே என்று தோன்றும். ஆனால் பள்ளத்துக்கு இரண்டு சுவர். சில தட்டுகளில் ஒரு சுவர் மட்டும் அறுந்திருக்கும். அப்போது நல்ல சுவரின் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சமமென்றால் சேர்த்து மோனோ ஆக்குங்கள். ஊசி மேலும் கீழுமாக அதிரும் சத்தம் அதிலேயே கணிசமாக அடங்கும்.

வரிசை முக்கியம்: முதலில் ‘டிக் டிக்’ ஒலிகளை நீக்குவது, பிறகு மோனோ, பிறகு சமன்படுத்தல், கடைசியில் தேவைப்பட்டால் இரைச்சல் குறைப்பு. சமன்படுத்திய பிறகு டிக் ஒலியை நீக்கப் போனால் அது அகலமாகிப் பாட்டோடு கலந்திருக்கும். இரைச்சல் குறைப்பில் கை நீள வேண்டாம். 6 டெசிபெல் குறைத்தாலே காதுக்குப் போதும். அதற்கு மேல் போனால் கார்வையின், அதாவது நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் வால் அறுந்து, குரல் தண்ணீருக்கடியில் கேட்கும். மூலப் பதிவைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

உங்கள் பெட்டியில் 78 இல்லை, 45தான் இருக்கிறது என்றால் 78 ஊசியை மாட்டி 45இல் ஓட்டிப் பதிவு செய்து, கணினியில் 1.733 மடங்கு வேகமாக்கலாம். மோசமாகக் கோணிய தட்டுக்கு இதுவே நல்ல வழி, ஊசி துள்ளாது. ஆனால் ஆர்ஐஏஏவை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு வேகமாக்குங்கள். மாற்றிச் செய்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும்.

வைப்பது

பத்து அங்குலத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம். ஐம்பது தட்டு பத்துக் கிலோ. புத்தக அலமாரிப் பலகை நடுவே வளைந்துவிடும்; ஒவ்வொரு ஒன்றரை அடிக்கும் ஒரு தடுப்பு வையுங்கள். செங்குத்தாக, இடைவெளி விடாமல் அடுக்குங்கள். சாய்ந்து நின்றால் கோணிவிடும். பழைய பழுப்புக் காகித உறையில் அமிலமும் மண்ணும் இருக்கும். புது உறைக்கு மாற்றுங்கள், ஆனால் அதில் கடை முத்திரையோ பாட்டு விவரமோ அச்சாகியிருந்தால் தட்டுக்குப் பின்னால் தனியாக வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டு வந்தால் தட்டு அப்பளமாகிவிடும்.

அப்படி ஆகிவிட்டதை நிமிர்த்த ஒரு வழி உண்டு. இரண்டு தடித்த, சமமான கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து இருபது நிமிடம் வெயிலில் காட்டி, தட்டு தன் எடைக்கே படிந்ததும் கண்ணாடியோடு நிழலுக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டு மேலே கல் வைத்தால் உடையும். முதலில் போனால் போகிறது என்கிற ஒரு தட்டில் செய்து பாருங்கள்.

உறையின் மூலையில் பென்சிலால் நான்கு விவரம் குறியுங்கள்: வளையத்தில் பொறித்த எண், எந்த அளவு ஊசி ஒத்துவந்தது, எந்த வேகம், எந்தக் கட்டை. பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஊறி லேபிளில் இறங்கும்.